சாரைக்குட்டிகள் 9 நாளாக இரை எடுக்கவில்லை, என்ன செய்வது?

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்களுக்கு 4 ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. ஓரத்தில் நிலக்கடலை, கேழ்வரகு போடுவோம். வைகாசிக் கடைசியில் எருக்குழியிலிருந்து டிராக்டருக்கு எரு அள்ளும்போது மண்வெட்டி பட்டு ஒரு முட்டை உடைந்தது. தோண்டிப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இன்னும் 11 முட்டைகள். ஆட்கள் நசுக்கிவிடலாம் என்றார்கள். பத்தாவது படிக்கும் என் மகன் விடவில்லை. எருவோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் எடுத்து வைத்தான். 50 நாள் கழித்து 8 குட்டிகள் வந்தன, 3 முட்டைகள் அழுகிவிட்டன. சாரைக்குட்டி என்று ஊரில் சொல்கிறார்கள். இன்றோடு 9 நாள். பல்லி, சின்னத் தவளை, வெட்டுக்கிளி எல்லாம் போட்டோம், எதையும் தொடவில்லை. என் அம்மா கிண்ணத்தில் பால் வைத்தார்கள், அதையும் குடிக்கவில்லை. அமெரிக்காவில் கோச்விப் என்று ஒரு பாம்பை வளர்ப்பவர்கள், கண் திறக்காத எலிக்குஞ்சின் மேல் பல்லியைத் தேய்த்துக் கொடுத்து இரைக்குப் பழக்குகிறார்கள் என்று மகன் படித்திருக்கிறான். நாங்களும் அப்படிச் செய்யலாமா? வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா? தோப்பில் எலித் தொல்லை அதிகம். இந்த எட்டையும் வளர்த்து, ஜோடி சேர்த்து, குட்டி எடுத்துத் தோப்பில் விட வேண்டும் என்பது அவன் ஆசை. படம் இணைத்திருக்கிறேன்.

பதில்:

வணக்கம் ஐயா. முதலில் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருக்கும் பதற்றம் தணியட்டும். அந்தக் குட்டிகள் பட்டினியில் இல்லை.

பாம்புக்குட்டி முட்டையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். தாய் கட்டிக்கொடுத்து அனுப்பும் கட்டுச்சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் அது அதை வைத்தே ஓட்டிவிடும். பிறந்த ஒரு வாரம் பத்து நாளில், சில சமயம் இரண்டு வாரத்தில், முதல் சட்டையை உரிக்கும். பெரும்பாலான குட்டிகளுக்கு அதற்குப் பிறகுதான் பசி என்ற ஒன்றே எட்டிப் பார்க்கும். உங்கள் படத்தில் ஓரமாகச் சுருண்டிருக்கும் குட்டியைப் பாருங்கள், கண்ணில் பால் படர்ந்த மாதிரி இருக்கிறது. அது நோய் இல்லை. இன்னும் நாலைந்து நாளில் சட்டை உரிக்கப் போகிறது. அந்த நிலையில் பெரிய பாம்புகூட இரையைத் திரும்பிப் பார்க்காது.

இன்னொன்றும் படத்தில் தெரிகிறது. எட்டுக் குட்டிகள், ஒரே பக்கெட், ஒளிந்துகொள்ள ஒரு காய்ந்த இலைகூட இல்லை. மேலே வட்டமாக மனித முகங்கள். அதற்குள் தவளை குதிக்கிறது, வெட்டுக்கிளி தாவுகிறது. ஒரு அடிக்குச் சற்று மேல் நீளமுள்ள குட்டிக்கு அந்த நேரத்தில் தப்பிக்க வழி இருக்கிறதா என்ற ஒரே யோசனைதான் இருக்கும். பயந்த பாம்பு சாப்பிடாது. ஆகவே இன்றைக்கே தவளை, பல்லி, வெட்டுக்கிளி எல்லாவற்றையும் வெளியே விட்டுவிடுங்கள். வெட்டுக்கிளியும் சில்வண்டும் இரவில் அசையாமல் கிடக்கும் குட்டியைக் கடித்துப் புண்ணாக்குவதும் உண்டு. பால் கிண்ணத்தையும் எடுத்துவிடுங்கள். உங்கள் அம்மா கும்பிட்டுவிட்டு அன்போடுதான் வைத்திருப்பார்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பாம்புக்குப் பாலைச் செரிக்கும் வயிறு கிடையாது. தாகம் தாங்காமல் குடித்தால் வயிறு கெட்டுப் போகும். அதற்குப் பதில் அம்மாவின் கையாலேயே தட்டையான ஒரு மூடியில் கால் அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். கசக்கிய செய்தித்தாள் நாலு உள்ளே போடுங்கள். காற்றுத் துளையுள்ள மூடியால் இறுக மூடி, வெயில் படாத, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வையுங்கள். அவ்வளவு போதும். வேறு எதுவும் செய்ய வேண்டாம், கையில் எடுக்கவும் வேண்டாம்.

கையில் எடுக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் நம் ஊரில் முட்டையிடுவதில்லை, நேரே குட்டி போடும். அதனால் முட்டை என்றாலே அந்த இரண்டும் இல்லை. ஆனால் நாகமும் கட்டுவிரியனும் முட்டையிடுபவை. நாகத்தின் முட்டைக்கும் சாரையின் முட்டைக்கும் வெளியிலிருந்து பார்த்து வித்தியாசம் சொல்வது கடினம். நாகக்குட்டி முட்டையிலிருந்து தலையை நீட்டும்போதே விஷத்தோடுதான் வருகிறது. படம் எடுக்கவும் கடிக்கவும் அதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எருக்குழி முட்டை என்றால் சாரைதான் என்று ஊரில் சொல்வது அனேகமாகச் சரியாக இருக்கும். ஆனால் அந்த 'அனேகமாக' என்பதை நம்பி ஒரு பத்தாவது படிக்கும் பையன் பக்கெட்டுக்குள் கையை விடக் கூடாது.

நீங்கள் அனுப்பிய படத்தில் கண் பெரியதாக, உருண்டையாக இருக்கிறது. உதட்டுச் செதில்களின் ஓரத்தில் மை தீட்டியது போல நெட்டுக்குத்தாகக் கருங்கோடுகள் தெரிகின்றன. கழுத்துக்குப் பின்னால் வெளிறிய பட்டைகள். சாரை என்றுதான் எனக்குப் படுகிறது. என்றாலும் நேரில் பழகியவர் ஒருவர் பார்த்து உறுதி செய்யும்வரை மூடி மூடியே இருக்கட்டும். ஒருவேளை யாரையாவது கடித்துவிட்டால், கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையை ஆட்டாமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அந்த 'நேரில் பழகியவர்' யார் என்பதற்குத்தான் இப்போது வருகிறேன். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 2022-இல் அதைத் திருத்தியபோது சாரைப்பாம்பு முதல் அட்டவணைக்குப் போய்விட்டது, யானையும் புலியும் இருக்கும் அதே அட்டவணை. அந்தச் சட்டத்தில் விலங்கு என்றால் அதன் குட்டியும் சேர்த்தி, ஊர்வனவாக இருந்தால் முட்டையும் சேர்த்தி. காட்டு உயிர் ஒன்று எந்த வழியில் நம் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். வீட்டில் வைத்து வளர்ப்பது, இனப்பெருக்கம் செய்வது இரண்டுக்கும் அனுமதி இல்லை. முதல் அட்டவணை உயிர் என்றால் தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாத சிறை.

இதைப் படித்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கெட்டைக் கொண்டுபோய் ஏரிக்கரையில் கவிழ்த்துவிடாதீர்கள். நீங்கள் திருடவில்லை, விற்கவில்லை. மண்வெட்டிக்கு முன்னால் நின்று 11 முட்டைகளைக் காப்பாற்றிய பையன் உங்கள் பையன். நாளைக் காலை கிருஷ்ணகிரி வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்து, என்னிடம் சொன்னதையே அப்படியே சொல்லுங்கள்: எருவில் முட்டை கிடைத்தது, சட்டம் தெரியவில்லை, குட்டிகள் வந்துவிட்டன, வந்து பார்த்து எடுத்துப்போங்கள் என்று. தாமதமாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். தானாக வந்து சொல்பவரையும் ஒளித்து வைத்து மாட்டியவரையும் யாரும் ஒரே கண்ணோடு பார்ப்பதில்லை.

சரி, உங்கள் மகன் கேட்ட கோச்விப் விஷயத்துக்கு வருவோம். அவன் படித்தது உண்மை. எனக்கு அந்தப் பாம்போடு நேரடிப் பழக்கம் உண்டு என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அவனும் இதைப் படிக்கட்டும்.

கோச்விப் என்றால் குதிரை வண்டிக்காரரின் சாட்டை. ஒல்லியான நீண்ட உடல், வால் பக்கம் செதில்கள் பின்னிய தோல்வார் போல இருக்கும். அதனால் வந்த பெயர். அமெரிக்காவின் தெற்குப் பகுதி முழுக்க, கிழக்குக் கடற்கரையிலிருந்து கலிபோர்னியா வரை, அப்புறம் மெக்சிகோவின் வட பாதியிலும் இருக்கிறது. ஐந்து ஆறு அடி சாதாரணம், எட்டு அடியைத் தாண்டியவையும் உண்டு. விஷமில்லை. பகலில், அதுவும் மற்ற பாம்புகள் நிழல் தேடும் உச்சி வெயிலில், தலையைத் தரையிலிருந்து உயர்த்திக்கொண்டு நோட்டம் பார்த்து வேட்டையாடும். நம் சாரையின் குணத்தோடு அவ்வளவு ஒத்துப்போகும். கட்டுக்கதையிலும் ஒற்றுமை உண்டு. கோச்விப் ஆளைத் துரத்திப் பிடித்து, சுற்றிக்கொண்டு, வாலாலேயே அடித்துக் கொன்றுவிடும் என்று அங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். நம் பக்கம், சாரை மாட்டின் காலைச் சுற்றிக் கட்டிப்போட்டுவிட்டு மடியில் பால் குடிக்கும் என்போம். இரண்டுமே நடப்பதில்லை. அவ்வளவு பேசப்படும் கோச்விப்பின் வேகம்கூட அளந்து பார்த்தபோது மணிக்கு 6 கி.மீ. அளவுதான் வந்தது. ஓடுகிற பிள்ளையை அதனால் பிடிக்க முடியாது.

மேற்படிப்புக்காக நான் டெக்சாஸில் இருந்த நாட்களில், ஊர்வன வளர்க்கும் ஓர் இடத்தில் பகுதி நேரம் வேலை பார்த்தேன். அங்கே கோச்விப் இனப்பெருக்கம் செய்தார்கள். கேட்க எளிதாக இருக்கும், உண்மையில் பொறுமையைச் சோதிக்கும் வேலை. குளிர்காலம் உள்ள நாட்டுப் பாம்பு என்பதால் இரண்டு மூன்று மாதம் இரை நிறுத்தி, 10 முதல் 13 டிகிரி குளிரில் இருட்டில் கிடத்த வேண்டும். வசந்தத்தில் சூடு ஏற்றி, நன்றாகத் தின்ன விட்டு, அப்புறம்தான் ஆணையும் பெண்ணையும் சேர்ப்பது. சேர்த்த பிறகு பக்கத்திலேயே நிற்க வேண்டும், ஏனென்றால் கோச்விப் மற்ற பாம்பையும் தின்னும் இனம். கோடைத் தொடக்கத்தில் முட்டையிடும். 4 முதல் 24 வரை எண்ணிக்கை போகும். முட்டையின் மேல்தோல் உப்புக்கல் ஒட்டியது போலச் சொரசொரப்பாக இருக்கும். ஈரம் பிடிக்கும் வெர்மிகுலைட் தூளில் பாதி புதைத்து 28 டிகிரி சூட்டில் வைத்தால் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பொரியும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். கோச்விப் குட்டிக்குக் காட்டில் முதல் இரை பல்லியினம், பூச்சி. நம் அரணை போல விறுவிறுவென ஓடும் பல்லிகள் அங்கே நிறைய. ஓடுவதைப் பார்த்ததும் துரத்த வேண்டும் என்பது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. இளஞ்சிவப்பாக, அசையாமல் கிடக்கும் எலிக்குஞ்சு அதற்கு இரையாகவே தெரியாது. அது பார்க்கும் விதத்திலும் இரை இல்லை, நாக்கை நீட்டி மோப்பம் பிடித்துப் பார்த்தாலும் இரையின் வாடை இல்லை. அதனால்தான் அந்தத் தேய்க்கும் வேலை. உறைபெட்டியில் சில வாரம் வைத்த பல்லியை எடுத்து, உறைபனியில் பல்லியின் உடலில் உள்ள புழுக்கள் பெரும்பாலும் செத்துவிடும் என்பதற்காக, அதை எலிக்குஞ்சின் தலையில் நன்றாகத் தேய்த்து, நீளமான இடுக்கியின் நுனியில் பிடித்து, ஓடுகிற பல்லி போலத் தரையை ஒட்டி வெட்டி வெட்டி இழுக்க வேண்டும். கையின் நிழல்கூட குட்டியின் மேல் விழக் கூடாது. காலையில், ஒரு மூலையில் 33, 34 டிகிரி சூடு கொடுத்து, உடல் சூடேறிய பிறகுதான் முயல வேண்டும். குளிர்ந்த குட்டிக்குப் பிடிக்கத் தோன்றாது, பிடித்தாலும் செரிக்காது. ஒவ்வொரு குட்டிக்கும் தனிப் பெட்டி, நுழைந்துகொள்ள இறுக்கமான ஒரு பொந்து. ஒரு தடவை எடுத்துக்கொண்டால் அடுத்த முறை கொஞ்சம் குறைவாகத் தேய்ப்பது, பிறகு வெறும் தலையில் ஒரு தடவல், அப்புறம் ஒன்றுமே இல்லாமல் கொடுப்பது. இப்படி மாதக்கணக்கில் போகும்.

நான் இருந்த ஆண்டில் 12 குட்டிகள் வந்தன. ஏழு, பல்லியைக் கண்டதும் பாய்ந்தன. மூன்று, தேய்த்த எலிக்குஞ்சை ஐந்தாறு தடவை மறுத்துவிட்டுப் பிறகு எடுத்தன. இரண்டு எதையும் தொடவில்லை. மூன்றாவது வாரம், பொறுமை இழந்து, அந்த இரண்டில் ஒன்றுக்கு வாயைத் திறந்து ஊட்டுவது என்று முடிவானது. பிடித்திருந்தது என் கை. அட்டையின் ஓரத்தால் வாயைத் திறந்து, எலிக்குஞ்சின் கால் ஒன்றைத் தொண்டைக்குள் தள்ளினோம். பாம்பின் மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே, வாயின் தரையில் இருக்கிறது. ஊட்டும்போது குட்டி திமிறினால் அங்கே சளியும் ரத்தமும் போய்விடும். திமிறியது. அடுத்த நாள் காலை வாயைத் திறந்தபடி கிடந்தது, மாலைக்குள் இறந்துவிட்டது. மற்றதைத் தொடாமல் விட்டோம். அது நாலாவது வாரம் தன் இரண்டாவது சட்டையை உரித்துவிட்டு, மறுநாள் ஒரு சின்னப் பல்லியை எடுத்தது. அந்தக் கையில் இருந்த துடிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. வாயைத் திறந்து ஊட்டலாமா என்று நீங்கள் கேட்ட வரியைப் படித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் குட்டிதான். வேண்டாம் ஐயா. எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

அவ்வளவு பாடுபட்டுக் கோச்விப்பை எலிக்குப் பழக்குவது எதற்காக என்று உங்கள் மகன் யோசிக்க வேண்டும். அந்தக் குட்டிகள் வாழ்நாள் முழுவதும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கப் போகின்றன. தினமும் பல்லி பிடித்துப் போட யாராலும் முடியாது, உறைய வைத்த எலி சுலபமாகக் கிடைக்கும். ஆக, அந்த வித்தை வளர்ப்பவரின் வசதிக்காக வந்தது. பாம்பு கேட்டு வந்ததில்லை. உங்கள் எட்டுக் குட்டிகளுக்கு அந்த வசதி தேவையே இல்லை. சாரைக்குட்டிக்கு முதல் இரை தவளை, தேரை, பல்லி. தோப்பு ஓரத்து வாய்க்காலில் விட்டால் அதற்குத் தேவையானது அங்கேயே இருக்கிறது. எப்படிப் பிடிப்பது என்பதும் அதற்குத் தெரியும். பக்கெட்டில் எலிக்குஞ்சு தின்னப் பழகிய குட்டிக்கு, மனிதக் கை வந்தால் சாப்பாடு வரும் என்பதும் சேர்ந்தே பழகிவிடும். அப்படிப் பழகிய பாம்பு ஒரு நாள் களத்துமேட்டில் ஆளைக் கண்டு ஓடாமல் நின்றால் அதன் கதி என்ன என்று உங்களுக்கே தெரியும்.

எலித் தொல்லைக்காக வளர்த்து விடலாம் என்ற யோசனையின் நல்ல மனம் புரிகிறது. சாரை எலி வளைக்குள்ளேயே நுழைந்து தின்னும். ஆந்தையால் முடியாத வேலை அது. ஆனால் ஒரு தோப்பில் எத்தனை சாரை தங்கும் என்பதை அங்கே உள்ள இரையும் ஒளிவிடமும்தான் முடிவு செய்யும். நாம் கூடுதலாக எட்டை விட்டால் அவை அடுத்த தோப்புக்குப் போகும், அல்லது கீரி, வல்லூறு, மயில் வாய்க்குப் போகும். ஜோடி சேர்ப்பதும் நினைப்பது போல இல்லை. இரண்டு ஆண் சாரைகள் சந்தித்தால் முறுக்கிக்கொண்டு மேலே எழும்பிச் சண்டை போடும். சாரையும் நாகமும் பிணைகின்றன என்று ஊரில் வேடிக்கை பார்ப்பார்களே, அது பெரும்பாலும் இந்தச் சண்டைதான், இரண்டுமே ஆண் சாரை. ஏழடி எட்டடி வளரும் அந்த உடம்பைக் கூண்டில் அடைத்தால் வலையில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். கோச்விப்பும் இதே மாதிரிதான். கண்ணாடியில் முட்டி மூக்குச் செதில் பெயர்ந்த கோச்விப்புகளுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன்.

வளர்ப்பதைவிட, ஏற்கெனவே இருக்கும் சாரை சாகாமல் பார்த்துக்கொண்டால் பலன் அதிகம். உங்கள் எருக்குழியில் ஒரு பெண் சாரை முட்டையிட்டிருக்கிறது என்றால், அந்தப் பாம்பு உங்கள் தோப்பைத் தன் இடமாக நினைக்கிறது. எலிக்கு வைக்கும் மருந்தை முதலில் நிறுத்துங்கள். மருந்து தின்று தள்ளாடும் எலிதான் சாரையின் கண்ணில் முதலில் படும், எலியோடு சாரையும் போகும். அடுத்து, மயிலுக்காகச் சுற்றிலும் கட்டும் நைலான் வலை. மாங்காய்ப் பருவத்தில் நம் பக்கம் தோப்புக்குத் தோப்பு அந்த வலை இருக்கிறது. தலையை நுழைக்கும் பாம்பு செதில் மாட்டிக்கொண்டு பின்வாங்க முடியாமல் வெயிலிலேயே செத்துப்போகும். வலையின் அடியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டினால் போதும். வரப்பு ஓரப் புதரை ஒரேயடியாகக் கொளுத்தாதீர்கள், ஒரு பக்கமாவது விட்டு வையுங்கள். மொட்டைக் கிணறு இருந்தால் விழுந்த பாம்பு ஏறி வர ஒரு பழைய கயிற்று ஏணியோ, கிளைகளுள்ள மரக்கட்டையோ இறக்கி வையுங்கள்.

முட்டை விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும், அடுத்த வைகாசியிலும் அந்த எருக்குழியில் முட்டை இருக்க வாய்ப்பு உண்டு. கோழி முட்டையை நாம் திருப்பித் திருப்பி வைக்கிறோம். பாம்பு முட்டை அப்படி இல்லை. இட்ட ஓரிரு நாளிலேயே கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு உருட்டினால் கரு அறுந்தோ மூழ்கியோ போய்விடும். உங்கள் மூன்று முட்டைகள் அழுகியதற்கு அதுவோ, பக்கெட்டின் அடியில் தேங்கிய ஈரமோ காரணமாக இருக்கலாம். எட்டு பொரிந்ததற்குக் காரணம் முட்டைகளைப் பிரிக்காமல் ஒட்டியபடியே, எருவோடு சேர்த்து எடுத்ததுதான் என்று நினைக்கிறேன். யாரும் சொல்லித்தராமல் அந்தப் பையன் அதைச் சரியாகச் செய்திருக்கிறான். ஆனால் அடுத்த முறை எடுக்கவே வேண்டாம். கண்ணில் பட்டதும் அந்த மூலையை மட்டும் எருவால் மூடி, ஒரு குச்சி நட்டுவிட்டு, மற்ற பக்கம் அள்ளிக்கொள்ளுங்கள். தாய் பக்கத்திலேயே இருக்கக்கூடும், நாகமாகவும் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். இரண்டு மாதம் அந்த மூலை சும்மா கிடந்தால் உங்களுக்கு அரை வண்டி எருதான் தாமதம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

உங்கள் மகனுக்குத் தனியாக நாலு வரி. தம்பி, உன் ஆர்வம் உண்மையானது, அதை விட்டுவிடாதே. நம் ஊரில் 1970-கள் வரை தோலுக்காகச் சாரையை லட்சக்கணக்கில் கொன்று வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். பிடித்துக் கொடுத்துக் கூலி வாங்கியவர்கள் இருளர் மக்கள். 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்ததும் அவர்களுக்குப் பிழைப்பு போனது. 1978-இல் அதே மக்கள் ஒரு கூட்டுறவு சங்கம் அமைத்து, அனுமதியோடு விஷப்பாம்பு பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, பாம்பைத் திரும்பக் காட்டில் விடும் வேலையைத் தொடங்கினார்கள். நாகம், கட்டுவிரியன், இரண்டு விரியன்கள் ஆகிய நாலின் விஷமும் அங்கே எடுக்கிறார்கள். கடிபட்டவர்களுக்குப் போடும் மருந்து அந்த விஷத்திலிருந்துதான் தயாராகிறது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை வளாகத்திலேயே அதைப் பார்க்கலாம். கிண்டியில் 1972 முதல் பாம்புப் பண்ணை இருக்கிறது. விடுமுறையில் அப்பாவை அழைத்துக்கொண்டு இரண்டையும் பார்த்துவிட்டு வா. பதினொன்றாவதில் உயிரியல் எடு. கால்நடை மருத்துவமோ விலங்கியலோ படித்தால், இன்று நீ ஆசைப்படும் வேலையை அனுமதியோடு, சரியான இடத்தில் செய்யலாம். அதுவரை உன் தோப்பில் நடமாடும் சாரையைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்து எழுது: எத்தனை மணிக்கு வெளியே வருகிறது, எந்த வளைக்குள் போகிறது, மிரண்டால் கழுத்தை உப்பிக்கொண்டு உறுமுகிறதா என்று. எந்தப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாலும் அவ்வளவு தெரியாது.

கடைசியாக, விடுவது பற்றி. எங்கே எப்போது விடுவது என்பதை வனத்துறையினர்தான் முடிவு செய்வார்கள். ஆனால் முட்டை எடுத்த இடத்தைக் காட்டி, அந்தப் பக்கத்திலேயே விட முடியுமா என்று கேளுங்கள். சாரை பகலில் திரியும் பாம்பு, அதனால் காலை நேரம் நல்லது. தண்ணீர் ஓரமும், கல் அடுக்கிய வரப்பும் சேர்ந்த இடம், எட்டையும் ஒரே குவியலாகக் கொட்டாமல் சற்றுத் தள்ளித் தள்ளி விட வேண்டும். சட்டை உரிக்காத குட்டிகளையும் விடலாம், தடையில்லை. எட்டில் எத்தனை பிழைக்கும் என்று மகன் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள், பெரும்பாலானவை முதல் ஆண்டைத் தாண்டாது. ஒன்றோ இரண்டோ தப்பினால் அதுவே தாய்ப்பாம்பு எதிர்பார்த்த கணக்கு. மண்வெட்டிக்குப் போயிருந்தால் அந்த ஒன்றும் இல்லை.

எடுத்துப்போகும் அன்று தேதியையும், எத்தனை குட்டிகள் சட்டை உரித்திருந்தன என்பதையும் அவனையே குறித்து வைக்கச் சொல்லுங்கள். நேரில் பார்த்தவர்கள் சாரை என்று உறுதி செய்தார்களா என்பதையும் சேர்த்து எனக்கு எழுதட்டும், காத்திருக்கிறேன்.